பலாலி முகாமும் அயலூர்ச் சிறுவர் வாழ்வும்

பலாலி இராணுவ முகாம் இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில், வடகரையை அண்டி, யாழ் நகரிலிருந்து சுமார் 16 கிலோமீற்றர் வடக்கே அமைந்துள்ளது. பலாலி, வசாவிளான், மயிலிட்டி, தையிட்டி, வீமன்காமம், கட்டுவன், குரும்பசிட்டி முதலிய வலிகாமம் வடக்கு ஊர்கள் இதைச் சூழ்ந்துள்ளன. ஈழப்போர் பற்றிய நூல்களில் பலாலி என்ற பெயர் படை நடவடிக்கைகளோடு சேர்ந்தே வரும். ஆனால் 1970களிலும் 80களிலும் இந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அது முதலில் ஒரு வேலி. தோட்டத்துக்கு அப்பால் தெரிந்த முட்கம்பி வேலி, பின்னர் தோட்டத்தையும் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் உள்ளே எடுத்துக்கொண்டது. அவர்களுடைய சிறுவயது நினைவுகள் ஊர் மலர்களிலும் புலம்பெயர்ந்தோரின் எழுத்துகளிலும் பரவலாகப் பதிவாகியுள்ளன. போர் முடிந்து காணிகள் விடுவிக்கப்பட்டபோது அந்த நினைவுகளுக்கு எதிர்பாராத ஒரு பயனும் ஏற்பட்டது.

விமானம் பார்க்கப் போன காலம்

பலாலியில் முதலில் அமைந்தது விமான ஓடுபாதைதான். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை அதை அமைத்தது. போர் முடிந்ததும் அது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே தரித்து, சென்னைக்குச் சென்றது. அந்தக் காலத்தில் இந்த நிலையம் காங்கேசன்துறை என்ற பெயராலும் அறியப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பலாலி என்றால் 'பிளேன்' பார்க்கப் போகும் இடம். பிள்ளைகள் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போய், வேலிக்கு வெளியே நின்று விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அன்றைய வேலி மாடு உள்ளே போகாமல் தடுப்பதற்கான வேலி என்ற அளவிலேயே பலருடைய நினைவில் உள்ளது.

சுற்றியிருந்த நிலம் குடாநாட்டின் மிக வளமான செம்பாட்டு மண். வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி, பிற்காலத்தில் உருளைக்கிழங்கு, திராட்சை என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று தோட்டத்தில் நிற்கும். ஆறு இல்லாத நாட்டில் கிணறுதான் எல்லாம். துலா மிதித்து இறைத்த காலம் போய் நீர் இறைக்கும் இயந்திரங்கள் வந்தபின், விடியப்புறத்தில் அவற்றின் சத்தமே ஊரை எழுப்பியது. பள்ளிக்கூடம் போகுமுன் தண்ணீர் மாறிக் கட்டுவது பெடியளின் வேலை. வடக்கே மயிலிட்டியில் மீன்பிடித் துறையும் காசநோய் வைத்தியசாலையும் இருந்தன. மேற்கே காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, இந்த மண்ணுக்குக் கீழே கிடந்த சுண்ணக்கல்லை அகழ்ந்து எடுத்தது. அதன் சங்கை வைத்து நேரம் பார்த்தவர்களும் உண்டு. குரும்பசிட்டி சிறிய ஊர்தான். ஆனால் ஈழகேசரிப் பத்திரிகையை நிறுவிய நா. பொன்னையாவின் ஊர் அது. சன்மார்க்க சபை நடத்திய கூட்டங்களும் நாடகங்களும் அதற்குத் தனிப் பெயரைக் கொடுத்திருந்தன.

வீடுகளுக்கு இடையே பூவரசும் கிளுவையும் நட்ட கதியால் வேலி, அதன்மேல் பனையோலை அல்லது கிடுகு. பெரியவர்கள் படலையைத் திறந்து ஒழுங்கையால் சுற்றிப் போவார்கள். பிள்ளைகளுக்கு வேலியில் பொட்டு இருக்கும். பொட்டுக்குள்ளால் நுழைந்து நாலு வளவு தாண்டினால் பள்ளிக்கூடம், இன்னும் இரண்டு வளவு தாண்டினால் கோயில் வீதி. எந்த வளவில் நாய் கடிக்கும், எந்த மாமரம் புளிக்கும், எந்தக் கிணற்றடியில் ஆட்கள் குளிக்கும் நேரம் போகக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். காணி உறுதியிலும் நில அளவைப் படத்திலும் இல்லாத இந்த வரைபடம் பிற்பாடு எவ்வளவு தேவைப்படப் போகிறது என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

வேலி நகரத் தொடங்கியது

1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் பலாலி வீதியில் நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்த இனக்கலவரத்தின்பின் பலாலி முகாம் பெருக்கத் தொடங்கியது. ஓடுபாதையைச் சுற்றி மண் அணைகளும் காவலரண்களும் எழுந்தன. காவலரணை ஊரவர்கள் 'சென்றி' என்றார்கள். வேலியோரத் தோட்டங்களுக்குத் தண்ணீர் கட்டப் போவது ஆபத்தானது. முதலில் மாலை நேரத்தில் போகவேண்டாம் என்றார்கள், பிறகு பெண் பிள்ளைகள் போகவேண்டாம் என்றார்கள், பிறகு யாருமே போகவில்லை. ஓரத்துத் தோட்டம் ஒன்று தரிசானால் அடுத்த தோட்டம் ஓரத்துத் தோட்டமாகிவிடும். கம்பி வேலி நகருமுன்பே ஊர் பின்வாங்கத் தொடங்கிவிட்டது.

1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. மறுநாளே இந்தியப் படையினர் பலாலியில் வந்திறங்கினர். சனம் வீதியில் நின்று மாலை போட்டு வரவேற்றது. பிள்ளைகள் வாகனங்களுக்குப் பின்னால் ஓடினார்கள், ஹிந்தியில் இரண்டொரு சொல் பழகினார்கள். ஒக்டோபர் 10 அன்று அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. மாலை போட்டதற்கும் ஓடி ஒளிந்ததற்கும் இடையே இரண்டரை மாதம்கூட இல்லை. பெரியவர்கள் இதற்கு அரசியல் விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு, நேற்றுக் கைகாட்டியவருக்கு இன்று ஏன் கைகாட்டக் கூடாது என்பது விளங்கவில்லை. 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்தியப் படையினர் இலங்கையை விட்டு வெளியேறினர்.

1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர் தொடங்கியது. பலாலியிலிருந்து படையினர் வெளியே நகர, வலிகாமம் வடக்கு ஊர்கள் சில நாட்களிலேயே வெறுமையாகின. ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களின் கதையும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகிறது. நாலு நாளில் திரும்பி வரலாம் என்று நினைத்துப் புறப்பட்டார்கள். சைக்கிள் கரியரில் ஒரு மூட்டை, பாரில் ஒரு பிள்ளை. மாட்டை அவிழ்த்துவிட்டு, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டார்கள். பள்ளிப் புத்தகங்களை எடுக்கவில்லை, ஏனென்றால் அந்த நாலு நாளும் பள்ளிக்கூடம் இல்லை. திறப்புகளைப் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்கள்.

காதால் கற்ற பாடங்கள்

1990 முதல் 1995 வரை குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. பலாலி–காங்கேசன்துறைப் பகுதி இராணுவத்திடம் இருந்தது. முகாமின் விளிம்பு தெல்லிப்பழை, புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலிப் பக்கங்களுக்குத் தள்ளி வந்தது. நேற்றுவரை முகாமிலிருந்து தூரத்தில் இருந்த ஊர்கள் இப்போது அதன் அயலூர்களாகின. இடம்பெயர்ந்து வந்தவர்களும் அந்த ஊர்களிலேயே உறவினர் வீடுகளிலும் பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் தங்கினார்கள். ஒரே வகுப்பறையில் இரண்டு பள்ளிக்கூடங்கள், காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது.

இந்த ஐந்தாண்டுகளைச் சிறுவர்களாகக் கழித்தவர்களின் நினைவில் காட்சிகளைவிட ஒலிகள் அதிகம். முகாமில் 'செல் குத்துகிற' சத்தம் முதலில் கேட்கும், உரலில் உலக்கை விழுவதுபோல அடங்கிய ஒலி. அதைக் கேட்டதும் எண்ணத் தொடங்குவார்கள். பிறகு கூவல். கூவிக்கொண்டு போனால் தலைக்கு மேலால் போகிறது, தப்பிவிட்டோம். கூவல் கேளாமல் வந்தால்தான் கிட்ட. அம்மம்மாவுக்குக் காது மந்தம் என்றால் வீட்டில் கடைசிப் பேரப்பிள்ளைதான் அவருக்குக் கைகாட்டிச் சொல்லவேண்டும். வானூர்திகளுக்கும் ஊரில் பெயர்கள் இருந்தன. குண்டு போடும் சியாமாசெட்டிகளைப் 'பொம்மர்' என்றார்கள். பெருத்த உடம்போடு மெதுவாக வந்து பீப்பாய்க் குண்டு தள்ளிவிடும் விமானம் 'சகடை'. பின்னர் 'புக்காரா' வந்தது, 1996இலிருந்து 'கிபிர்'. வானத்தில் உருவம் தெரியுமுன்பே ஒலியை வைத்துப் பெயர் சொல்வதில் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். இதை ஒரு விளையாட்டுத் திறமையாகவே அவர்கள் அன்று நினைத்தார்கள்.

வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டப்பட்டது. செம்பாட்டு மண் வெட்ட இலகு, ஆனால் சில அடிக்குக் கீழே சுண்ணக்கல் தட்டிவிடும். சீமெந்துத் தொழிற்சாலையை வாழவைத்த அதே கல் பங்கரை ஆழமாக்க விடவில்லை. ஆகவே கிடைத்த ஆழத்துக்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு உயர்த்தினார்கள். உரப்பை தீர்ந்துபோனால் பழைய சேலையைத் தைத்து மண் நிரப்பினார்கள். செல்துண்டு நேரே உள்ளே பாயாமலிருக்க வாசலை வளைத்து 'ட' எழுத்தின் வடிவில் வெட்டுவது வழக்கம். மாரியில் உள்ளே தண்ணீர் நிற்கும். தவளை இருக்கும், சிலவேளை பாம்பும் இருக்கும். மேலே செல், கீழே பாம்பு, எதற்குப் பயப்படுவது என்று அந்தந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டும்.

பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் மின்கலமும் சீமெந்தும் உரமும் கிடைப்பது அரிதாகியது. மின்சாரம் அடியோடு இல்லை. ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி எரியவிட்ட விளக்கு அந்தத் தலைமுறையின் படிப்பு விளக்கு. க.பொ.த. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் அதில்தான் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் வரும். சுற்றுவது பிள்ளைகளின் வேலை. பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் பெரியவர்கள் கேட்டு முடியும்வரை கை ஓயக்கூடாது. கை தளர்ந்தால் செய்தியாளரின் குரலும் இழுபடும். சீனி இல்லாத தேநீருக்குப் பனங்கட்டி, சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனங்களி. பனை இல்லாவிட்டால் அந்த ஐந்து வருடத்தையும் குடாநாடு எப்படிக் கடந்திருக்கும் என்று சொல்வது கடினம். வெயிலுக்கு ஓலை, பங்கருக்குக் குற்றி, பசிக்குக் கிழங்கும் ஒடியலும்.

விளையாட்டும் மாறியது. கிளித்தட்டும் கிட்டியும் மாபிளும் போகவில்லை, அவற்றோடு 'ஆமியும் இயக்கமும்' சேர்ந்துகொண்டது. பனைமட்டை துவக்கு, பனங்காய்ச் சில்லில் வண்டி. யார் ஆமியாக இருப்பது என்பதில்தான் சண்டை வரும், ஒருவரும் விரும்பமாட்டார்கள். ஆகவே வயதில் சிறியவன்மேல் அது விழும். வெற்றுத் தோட்டாக் கோதுகளைச் சேர்ப்பதும், செல்துண்டுகளை மாபிளுக்கு மாற்றுவதும் நடந்தது. வெடிக்காமல் கிடந்த பொருளை எடுத்து விளையாடி விரலையும் கண்ணையும் இழந்த பிள்ளைகள் உண்டு, உயிரை இழந்தவர்களும் உண்டு. இன்னொரு இழப்பும் இருந்தது. உயர் வகுப்புகளில் சில கதிரைகள் வெறுமையாகும். அந்தப் பிள்ளை இயக்கத்துக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். தாய்மார் பள்ளிக்கூட வாசலில் நின்று அழுவார்கள். சில மாதங்களின்பின் மதிலில் ஒட்டிய சுவரொட்டியில் அந்த முகத்தைச் சக மாணவர்கள் பார்ப்பார்கள். அந்தக் காலத்தை விடுதலையின் வசந்தமாக எழுதுபவர்களும், வெறும் இருளாக எழுதுபவர்களும் இந்தக் கதிரைகளை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள்.

1995 செப்டெம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மீது விமானக் குண்டு விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தனர். பலாலியிலிருந்து அது நெடுந்தொலைவு. ஆனால் அதன்பின் குடாநாடு முழுவதிலும் வகுப்பில் இருந்த பிள்ளைகள் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முகாம் தெருவுக்கு வந்தது

1995 ஒக்டோபர் 17 அன்று 'ரிவிரெச' என்ற சூரியக்கதிர் நடவடிக்கை தொடங்கியது. பலாலித் தளத்திலிருந்து புறப்பட்ட படைகள் தெற்கே நகர்ந்தன. ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதுமே எழுந்து, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போயிற்று. ஏற்கெனவே 1990இல் ஊரை விட்டுவந்த பிள்ளைகளுக்கு இது இரண்டாவது பெயர்வு. 1996 ஏப்ரலில் படைகள் தென்மராட்சியையும் கைப்பற்றியபின் பெரும்பாலோர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். வலிகாமம் வடக்கார் திரும்பியது சொந்த ஊருக்கு அல்ல, மல்லாகத்துக்கும் சுன்னாகத்துக்கும்.

இப்போது முகாம் தொலைவில் இல்லை. சந்திக்குச் சந்தி சென்றி, ஒழுங்கைக்கு ஒழுங்கை சிறுமுகாம். செல்லின் பயம் போய் வேறு பயங்கள் வந்தன. பள்ளிக்கூடம் போகும் வழியில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டவேண்டும், புத்தகப்பையைத் திறந்து காட்டவேண்டும், அடையாள அட்டை வேண்டும். சுற்றிவளைப்பு நாட்களில் ஊரையே மைதானத்தில் இருத்தி, முகத்தை மூடிய 'தலையாட்டி' ஒருவரின் முன்னால் வரிசையாக நடத்துவார்கள். அந்தத் தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மறுபக்கம், சென்றியில் நின்ற சிப்பாய்களும் பெரும்பாலும் இருபது வயதை அண்டிய ஏழைக் கிராமத்துப் பெடியள். தங்கள் ஊரில் தம்பி தங்கை இருப்பதாகச் சைகையால் சொன்னவர்களும், இனிப்புக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். வாங்கலாமா கூடாதா என்பது வீட்டில் பெரிய வழக்கு. வாங்கியதை அம்மாவிடம் மறைத்த பிள்ளைகள் பலர் அதைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்கள்.

கிணறுகளைத் தேடி

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகவே தொடர்ந்தது. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் அப்பகுதியில் ஒட்டப்பட்டன. காணிக்காரர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். உள்ளே படையினர் தோட்டம் செய்தார்கள், காங்கேசன்துறைக் கரையில் 'தல்செவன' என்ற விடுதியை நடத்தினார்கள். வெளியே, மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் 1990இல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தார்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் மயிலிட்டி, பலாலி என்று சொன்னார்கள். ஒருவரும் அதைக் கண்டதில்லை.

2010க்குப் பின் சிறிது சிறிதாகவும், 2015 முதல் சற்று விரைவாகவும் காணிகள் விடுவிக்கப்பட்டன. 2017 ஜூலை 3 அன்று மயிலிட்டித் துறைமுகத்தோடு 54 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. மிதிவெடி அகற்றிய பின்னரே பல இடங்களில் காலடி வைக்க முடிந்தது. வந்தவர்கள் முதலில் கண்டது பற்றைக் காடு. வீடுகள் பல தரைமட்டமாக்கப்பட்டிருந்தன. கதியால் வேலிகள் எங்கேயும் இல்லை. ஒழுங்கைகள் மறைந்து, ஊருக்குக் குறுக்கே புதிய பாதைகளும் மண் அணைகளும் கிடந்தன.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி எல்லைகளை ஆட்களின் பெயரால் சொல்லும்: கிழக்கே இன்னாருடைய காணி, மேற்கே ஒழுங்கை, தெற்கே இன்னார் வளவு, பங்குக்கிணறும் வழி வாய்க்காலும் உட்பட இத்தனை பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். இன்னார் இறந்துவிட்டார் அல்லது கனடாவில் இருக்கிறார், ஒழுங்கையோ இல்லை. பல குடும்பங்களிடம் உறுதியும் இல்லை, அது 1990இல் அலுமாரிக்குள் இருந்தது. அந்த நிலையில்தான் பொட்டுக்குள்ளால் நுழைந்து திரிந்த பழைய பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். நாற்பது ஐம்பது வயதாகிய அவர்கள் கிராம சேவகரோடும் நில அளவையாளரோடும் பற்றைக்குள் இறங்கினார்கள். முதலில் தேடியது கிணறுகளை. வீட்டை இடிக்கலாம், வேலியைப் பிடுங்கலாம், சுண்ணக்கல்லைக் குடைந்து வெட்டிய கிணற்றைத் தூர்க்கலாமே ஒழிய இடம் மாற்ற முடியாது. கிணறு அகப்பட்டால் துலாக்கால் நின்ற பக்கம் தெரியும், அங்கிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து குசினி. இந்தக் கிணற்றடியிலிருந்து கல்லெறிந்தால் அந்த மாமரத்தில் படும் என்பது எல்லைச் சாட்சியாகியது. ஒரே கிணற்றை இரு குடும்பங்கள் தங்களுடையதென்று சொல்லித் தகராறு வந்த இடங்களும் உண்டு. சிறுவயது நினைவு எப்போதும் ஒத்துப்போவதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு நூறு அடி மிகத் தூரம்.

மீண்டவர்கள் எல்லாரும் குடியேறவில்லை. பிள்ளைகள் இப்போது படிக்கும் பள்ளிக்கூடமும் தொழிலும் வேறிடத்தில் இருந்தன. வீடு கட்டப் பணம் போதவில்லை. மயிலிட்டியில் படகுகள் மீண்டும் கட்டப்பட்டன, செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மரவள்ளியும் மீண்டும் நின்றன, காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி முதல் ரயில் ஓடுகிறது. 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி ஓடுபாதை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைக்கு விமானம் பறந்தது. எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எயார் சிலோன் பறந்த அதே வழி.

ஓடுபாதைக்குப் பக்கத்து ஊர்களின் ஒரு பகுதி அதன் பின்னரும் வேலிக்குள்ளேயே இருந்தது. உள்ளே அகப்பட்ட சில கோயில்களுக்குத் திருவிழா நாட்களில் போய்வரப் படையினர் அனுமதி கொடுத்தனர். பெயர் பதிந்து, குறித்த பாதையால் போய், பூசை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். வழியில் இறங்கக்கூடாது. முன்னிருக்கைகளில் இருக்கும் முதியவர்கள் சந்நிதி வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்து, அந்தப் பற்றையில் யார் வீடு, இந்த வளைவில் எந்தக் கடை என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போவார்கள்.